அறிவியல் அகாதமியே சொல்லிவிட்டதா? அறிக்கையை எடுத்துப் பாருங்கள்

டிவி விவாதத்தில் ஒருவர் "விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள்" என்று மேசையைத் தட்டினால் உடனே தலையாட்டிவிடாமல், அரசு கேட்டதற்கு அறிவியல் அகாதமி, அதாவது விஞ்ஞானிகளின் அமைப்பு, கொடுத்த அறிக்கையைத் தேடி எடுங்கள். முழுதும் படிக்கத் தேவையில்லை, யாருக்கு நேரம். சில இடங்களைப் பார்த்தாலே விஷயம் பிடிபடும்.

முடிவுரைக்கு முதலில் போகாதீர்கள். அரசு என்ன கேட்டது என்று பாருங்கள். அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமி 1863-ல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவானது. எந்த அரசுத் துறை கேட்டாலும் ஆராய்ந்து சொல்ல வேண்டும், செலவைத் துறை கொடுக்கும், கூலி கிடையாது என்பதுதான் ஏற்பாடு. இன்று அவர்கள் வெளியிடும் ஆய்வறிக்கைகளில் குழுவுக்குக் கொடுத்த வேலை என்ன என்பதும் அச்சாகியிருக்கும். "மரபணு மாற்றிய பயிரைச் சாப்பிட்டால் கெடுதலா" என்று கேட்டிருந்தால் பதில் அதற்கு மட்டும்தான், விவசாயிக்கு லாபமா, விதை யார் கைக்குப் போகும் என்பதையெல்லாம் அதிலிருந்து நாமாக இழுத்துக்கொள்ளக் கூடாது. பாதிச் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்புறம் குழுவில் யார் யார் என்று பாருங்கள். அந்த அகாதமி, குழுவில் போட நினைப்பவர்களின் பெயர்களை முன்கூட்டியே வெளியிட்டு, யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்ல அவகாசம் தருகிறது. 1997-ல் வந்த சட்டத் திருத்தம் அப்படிக் கேட்கிறது. உங்கள் கையில் இருக்கும் அறிக்கையில் பெயர்களே இல்லையென்றால், அல்லது எல்லோரும் ஒரே துறைக்காரர்கள் என்றால், கொஞ்சம் உஷாராகவே படியுங்கள்.

ஆதாரம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன், அதற்குக் காரணம் நம் நாட்டுக் கத்தரிக்காய். பூச்சியைத் தாங்கும்படி மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது, 2010 பிப்ரவரி 9 அன்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார், பிறகு மரபணு மாற்றப் பயிர்கள் பற்றி நாட்டின் ஆறு அறிவியல் அகாதமிகளிடம் கருத்துக் கேட்டார். செப்டம்பரில் கூட்டறிக்கை வந்தது: கட்டுப்பாட்டுடன் வெளியிடலாம். சரி என்று உள்ளே பார்த்தால் மேற்கோள் பட்டியலே இல்லை, போதாக்குறைக்கு அந்தப் பயிரை ஆதரித்து அரசுத் துறையின் செய்தியிதழில் வந்த கட்டுரையிலிருந்து சில வரிகள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. கேட்ட அமைச்சரே அதை ஏற்கவில்லை. அகாதமிகள் திருத்தி மறுபடி கொடுத்தன. வரிகளைச் சுட்டதால் கத்தரிக்காய் விஷமாகிவிடாது, முடிவு சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் ஆறு அகாதமிகளிடம் போய்க் கேட்டதற்கு என்ன பலன்? அதனால் ஒரு முக்கியமான வரியை எடுத்து அதன் மூலத்தை நீங்களே தேடிப் பாருங்கள், கிடைக்காவிட்டால் அந்த வரியை வைத்து யாரிடமும் வாதாடாதீர்கள்.

எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1979-ல் அமெரிக்க அகாதமிக்காக வானிலை விஞ்ஞானி ஜூல் சார்னி தலைமையிலான குழு ஆராய்ந்தது. சுமார் 3 டிகிரி, அதில் 1.5 டிகிரி கூடலாம் குறையலாம் என்றது. தெரியாததையும் இப்படி எண்ணாகச் சொல்பவர்களை நம்பலாம். "முற்றிலும் பாதுகாப்பானது" என்று மொட்டையாக எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

கடைசியாக, அரசு என்ன செய்தது என்பதைத் தனியாகத் தேடுங்கள், அது அறிக்கைக்குள் இருக்காது. தடயவியல் பற்றி அமெரிக்க நாடாளுமன்றமே கேட்டு, 2009-ல் அகாதமி அறிக்கை கொடுத்தது. டிஎன்ஏ சோதனையைத் தவிர மற்ற பல முறைகளுக்கு அறிவியல் அடித்தளம் போதாது என்றது, தனியாக ஒரு தேசிய நிறுவனம் வேண்டும் என்பது முதல் பரிந்துரை. அந்த நிறுவனம் வரவில்லை. 2013-ல் ஓர் ஆணையம் வந்தது, 2017-ல் அதையும் மூடிவிட்டார்கள்.