மாயர்கள் எங்கும் மறையவில்லை: தொல்லியல் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

'மாயர்கள் மர்மமாக மறைந்துபோனார்கள்' என்று தொடங்கும் கட்டுரையை நான் அந்த வரியோடு மூடிவிடுவேன். குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் அந்தத் தொல்குடியின் வழிவந்த லட்சக்கணக்கானோர் இன்றும் வீட்டில் மாயர் மொழிகளைத்தான் பேசுகிறார்கள். 9ஆம் நூற்றாண்டில் ஆளொழிந்தவை மாயர்களின் தெற்குத் தாழ்நில நகரங்கள். அதே காலத்தில் வடக்கே சிச்சென் இட்சா என்னும் மாயர் நகரம் வளர்ந்துகொண்டிருந்தது. ஊர் காலியானதை இனம் அழிந்ததாகப் படிப்பதுதான் அமெரிக்கத் தொல்குடி நாகரிகங்களுக்குள் நுழைபவர்கள் செய்யும் முதல் தவறு.

அடுத்தது, கட்டியவர்களிடமிருந்து கட்டடத்தைப் பிடுங்கிக்கொள்வது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக் கஹோக்கியாவில் சுமார் 30 மீட்டர் உயர மண்மேடு ஒன்று நிற்கிறது. கூடை கூடையாக மண் சுமந்து கொட்டி எழுப்பியது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பலர் இத்தகைய மேடுகளை ஏதோ தொலைந்துபோன வேற்றினம் கட்டியதாக நம்பினார்கள். கண்முன் நின்ற பூர்வகுடிகளின் முன்னோர் கட்டினார்கள் என்று ஒப்புக்கொண்டால், அவர்களைக் 'காட்டுமிராண்டிகள்' என்று சொல்லி நிலத்தைப் பறிப்பது கடினமாயிற்றே! 1894இல் வெளியான ஆய்வாளர் சைரஸ் தாமஸின் ஸ்மித்சோனியன் நிறுவன அறிக்கை அந்தக் கதையை உடைத்தது. இப்போது உலவும் வேற்றுக்கிரகவாசிக் கதையும் பழைய கள், புதிய மொந்தைதான்.

எழுத்து இல்லையென்றால் ஆவணமும் இல்லை என்று முடிவுகட்டுவது இன்னொன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியை ஆண்ட இன்காக்களின் கிப்பு என்னும் முடிச்சுக் கயிற்றை ஒருமுறை உற்றுப் பாருங்கள். தலைக்கயிற்றிலிருந்து தொங்கும் ஓர் இழையில் மேலே மூன்று தனி முடிச்சுகள், நடுவில் வெறும் கயிறு, அடியில் நான்கு சுற்றுள்ள ஒரு நீள முடிச்சு. மேலே நூறு, நடுவில் பத்து, அடியில் ஒன்று என்று இடம் பார்த்துப் படித்தால் அது 304. அந்த வெறும் இடம்தான் பூஜ்யம். எண் தாங்காத கிப்புகளும் உண்டு; அவை என்ன சொல்கின்றன என்பது இன்னும் படிக்கப்படவில்லை.

மரம், கதிர் போன்றவற்றில் மீந்திருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்து அவை வளர்ந்த காலத்தைச் சொல்லும் கரிமக் காலக்கணிப்பில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. அறிக்கையில் 'இன்றைக்கு முன்' என்று வரும்போது அந்த 'இன்று' 1950ஆம் ஆண்டு. ஆய்வகம் தரும் நேரடி எண்ணும் நாட்காட்டி ஆண்டு அல்ல. மர வளையங்கள் போன்றவற்றோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே அது ஆண்டாகும். இரண்டாவது, மாதிரி எது என்று கேட்காமல் தேதியை நம்புவது. வீட்டு உத்தரத்தின் உள்வளையம், வீடு கட்டுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே வளர்ந்து முடிந்திருக்கலாம். அடுப்பில் கருகிக் கிடக்கும் மக்காச்சோளக் கதிர் ஒரே பருவத்தில் விளைந்தது. எனக்கு உத்தரத்தைவிட அந்தக் கதிர்மேல் நம்பிக்கை அதிகம்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சாக்கோ பள்ளத்தாக்கில் பல அடுக்கு மாளிகைகள் கட்டியவர்களைப் பழைய நூல்கள் 'அனசாசி' என்கின்றன. அது நவாஹோ என்னும் வேறொரு பூர்வகுடியின் மொழிச் சொல். 'எதிரிகளின் முன்னோர்' என்பது போன்ற பொருள் தரும். அந்த முன்னோரின் வழிவந்த ஹோப்பி, சூனி முதலிய புவெப்லோ மக்கள் இன்றும் அப்பகுதியில்தான் வாழ்கிறார்கள். அவர்களில் பலருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. ஆய்வாளர்கள் இப்போது 'மூதாதைப் புவெப்லோ மக்கள்' என்றே எழுதுகிறார்கள்.