பழைய ஸ்போர்ட்ஸ் வீடியோ கேம் இசையைப் பதிவு செய்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

புதியவர்கள் அனுப்பும் பதிவுகளைக் கேட்டால், நாங்கள் விழுந்த அதே குழிகளில்தான் வரிசையாக விழுகிறார்கள். ஒலியளவைக் கூட்டிக் கரகரக்க வைப்பதையெல்லாம் இங்கே சொல்லவில்லை. அதை அவரவர் காதே சொல்லிவிடும்.

ஆட்டத்தின் நடுவே பதிவது

நிண்டெண்டோவின் பழைய கேம் கன்சோலான என்இஎஸ்ஸில் மொத்தமே 5 ஒலிச் சேனல்கள்: இரண்டு பல்ஸ், ஒரு ட்ரையாங்கிள், ஒரு நாய்ஸ், ஒரு சாம்பிள். விசில் சத்தம் வந்தால் மெட்டு ஓடும் பல்ஸ் சேனலை அது பிடுங்கிக்கொள்ளும். கூட்டம் ஆர்ப்பரித்தால் நாய்ஸில் ஓடும் டிரம்ஸ் காணாமல் போகும். ஸ்போர்ட்ஸ் கேமில் இரண்டுமே ஓயாது. கேமின் இசையை மட்டும் பிரித்து வைத்த என்எஸ்எஃப் கோப்பை ஓடவிட்டு எடுங்கள், இசை முழுசாகக் கிடைக்கும்.

50 ஹெர்ட்ஸ் பதிவை வேகம் கூட்டி 'சரிசெய்வது'

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். அந்தக் காலத்து ஜப்பான், அமெரிக்க டிவிகள் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும்; ஐரோப்பாவின் பால் (PAL) டிவிகள் 50. அக்கால கேம்கள் பலவும் ஃப்ரேமுக்கு ஒரு முறைதான் இசையை நகர்த்தும். 60-க்கு எழுதிய 2 நிமிடப் பாட்டை மாற்றாமல் 50-இல் ஓட்டினால் 2 நிமிடம் 24 விநாடிக்கு இழுக்கும்.

நண்பர் ஒருவர் சேகாவின் மெகா டிரைவ் கன்சோலில் வந்த கால்பந்து, ஐஸ் ஹாக்கி இசையை இப்படிப் பால் அமைப்பிலேயே எடுத்துவிட்டு, எடிட்டரில் எல்லாவற்றுக்கும் 20 சதவீதம் வேகம் கூட்டினார். தாளம் சரியாகிவிட்டது. சுருதியோ மூன்று அரைச்சுரம் மேலே ஏறி, ட்ரம்பெட் கொசு மாதிரி ரீங்கரித்தது. மெகா டிரைவில் சுருதியைத் தீர்மானிக்கும் சிப் கடிகாரம் என்டிஎஸ்சியில் (60 ஹெர்ட்ஸ் அமைப்பு) 7.67 மெகாஹெர்ட்ஸ், பாலில் 7.60. அதாவது சுருதி ஏறக்குறைய இறங்கவே இல்லை, தாளம் மட்டும்தான் மந்தம். இல்லாத நோய்க்கு மருந்து! மூலப் பதிவையும் அழித்துவிட்டிருந்தார், அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

என்இஎஸ்ஸில் கதை வேறு. கடிகாரம் 1.79-இலிருந்து 1.66-க்கு இறங்குவதால், கேமை மாற்றி அமைக்காவிட்டால் சுருதியும் ஓர் அரைச்சுரத்துக்கு மேல் சரியும். சில கேம்களில் தாளத்தையும் சுருதியையும் பாலுக்கென்றே திருத்தியிருப்பார்கள். ஐரோப்பாவில் 50-க்கென்றே எழுதிய கேமை 60-இல் ஓட்டினால் இசை தலைதெறிக்க ஓடும். ஆக, எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே சூத்திரம் கிடையாது. பதிவுப் பொத்தானை அழுத்தும் முன் எமுலேட்டரின் (பழைய கன்சோலைப் போலக் கணினியில் இயங்கும் மென்பொருள்) 50/60 ரீஜன் அமைப்பைப் பாருங்கள். 'ஆட்டோ' என்று இருந்தால் நம்பாதீர்கள்.

எஸ்பிசி கோப்பைத் தாமதமாகச் சேமிப்பது

எஸ்பிசி கோப்பு என்பது எஸ்என்இஎஸ் (சூப்பர் நிண்டெண்டோ) கன்சோலின் 64 கிலோபைட் ஒலி நினைவகத்தை அந்த நொடியில் அப்படியே பிடித்து வைப்பது. பாதிப் பாட்டில் சேமித்தால் பாதியிலிருந்துதான் தொடங்கும்.

மூலப் பிரதியை எம்பி3-இல் வைப்பது

வேண்டாம். தரம் குறையாத ஃப்ளாக் வடிவம்தான்.

கோல் ஜிங்கிளை விட்டுவிடுவது

தலைப்பு இசையை மட்டும் எடுத்தால் தொகுப்பு பாதிதான். கோல், இடைவேளை, வெற்றி என்று எல்லா ஜிங்கிள்களையும் (குட்டி இசைத் துணுக்குகள்) எடுங்கள். சுழலும் பாட்டென்றால் இரண்டு சுற்று விட்டு ஃபேட் (ஒலியை மெல்லக் குறைத்து முடிப்பது) போடலாம். ஜிங்கிளுக்கு ஃபேட்டே கூடாது, கடைசிச் சுரம் தானாக அடங்கும்வரை ஓடட்டும்.