செட்டிநாட்டுக்குப் பேருந்தில் குழுவாகச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருச்சியில் காலையில் புறப்பட்டு நார்த்தாமலை, சித்தன்னவாசல், திருமயம், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி ஆகிய எல்லா இடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு இரவே திரும்பிவிடலாம் என்று திட்டமிடுவதுதான் நண்பர் குழுக்கள் செய்யும் முதல் தவறு. திருச்சிக்கும் காரைக்குடிக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான் என்பதால் அது எளிதாகத் தோன்றும். ஆனால், நாற்பது பேர் இறங்கி, சுற்றிப் பார்த்து, விட்டுப்போனவர்களைத் தேடிப் பிடித்து மறுபடி ஏறுவதற்குள் பொழுது கரைந்துவிடும். நாளுக்கு மூன்று இடங்களே போதும்; ஓர் இரவு காரைக்குடியில் தங்குவது இன்னும் நல்லது.

நேர வரிசையைக் கவனிக்காமல் போவதும் அதே அளவு கெடுதல். சித்தன்னவாசலில் அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரையின் விதானத்தில் உள்ள தாமரைக் குள ஓவியத்தோடு, அதே குன்றின் மேல் ஏழடிப்பட்டம் என்ற குகையில் இருக்கும் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளையும் பார்க்க விரும்புவோர், வெயில் ஏறிய பாறையில் நண்பகலில் நடக்க நேர்ந்தால், வயதானவர்கள் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளையார்பட்டி போன்ற கோயில்களிலோ மதியம் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள். ஆகவே குன்றுகளைக் காலையிலும், கானாடுகாத்தான் வீடுகளையும் ஆத்தங்குடிப் பட்டறைகளையும் நடுப்பகலிலும், கோயிலை மாலையிலும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆத்தங்குடிக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே பூக்கல் எனப்படும் வண்ணத் தரை ஓடு செய்பவர் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் ஒவ்வோர் அறையிலும் வண்ணக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை நடுங்காமல் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் பரப்புகிறார். பிறகு அதை உலரவைத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவிடுகிறார்கள். கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம்தான் அந்தப் பளபளப்பான முகம். இதை நின்று பார்க்காமல் வாசலில் படம் எடுத்துக்கொண்டு ஓடுவது அந்த ஊருக்கு வந்ததாகவே ஆகாது. சிறிய பட்டறைக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழையாமல், இரண்டு மூன்று குழுக்களாகப் பிரிந்து போனால் வேலை செய்பவருக்கும் இடைஞ்சல் இராது.

கானாடுகாத்தானின் பெரிய வீடுகள் எல்லாமே காட்சிக்கூடங்கள் அல்ல. பல வீடுகள் இன்றும் குடும்பச் சொத்துகள், விசேஷங்களுக்கு உறவினர் கூடும் இடங்கள். கதவு திறந்திருக்கிறதே என்று உள்ளே போய்விடாமல், காவலிருப்பவரிடம் அனுமதி கேட்க வேண்டும். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அருகே கொள்ளுக்குடிப்பட்டியில், அங்குள்ள சரணாலயத்துக்கு வரும் பறவைகளுக்காக ஊர் மக்கள் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. அப்படிப்பட்ட ஊருக்குள் பேருந்தின் ஒலிபெருக்கியை அலறவிட்டு நுழைவது பெரும் அநாகரிகம்.

மதியச் சாப்பாட்டை அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. சிற்றூர் மெஸ்ஸில் முன்கூட்டிச் சொல்லாமல் நாற்பது பேருக்கு உலை வைத்திருக்க மாட்டார்கள். முந்தின நாளே தலைக்கணக்கையும், சைவம் எத்தனை அசைவம் எத்தனை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வண்டி பேசும்போது வாடகையை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வதால்தான் திரும்பி வந்தபின் நண்பர்களுக்குள் மனக்கசப்பு வருகிறது. கிலோமீட்டர் கணக்கு வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பி மறுபடி ஷெட்டுக்குத் திரும்பும் வரையா, நாளுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு, ஓட்டுநர் பேட்டா, சுங்கம், நிறுத்தக் கட்டணம் ஆகியவை யார் பொறுப்பு என்பதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உட்புற ஊர்களின் குறுகிய தெருக்களில் பெரிய பேருந்தைத் திருப்புவது கடினம் என்பதால், ஆள் குறைவென்றால் இரண்டு வேன்களே மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுநருக்கு இரவில் படுக்க ஒழுங்கான இடம் கொடுங்கள். அவரை இருக்கையிலேயே சுருண்டு தூங்கவிட்டு, விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பச் சொல்வது வண்டியில் இருக்கும் அத்தனை உயிர்களையும் ஆபத்தில் நிறுத்தும் செயல்.