அறிவியல் புனைகதைப் படங்களை வகைபிரித்து அடுக்குவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் எங்கள் தமிழ் வகுப்பின் அலமாரியில், பல குடும்பங்கள் கொடுத்துச் சென்ற டிவிடிகள் நிறைந்திருக்கின்றன. அவற்றுள் அறிவியல் புனைகதைகளை முதலில் நான் அட்டைப்படத்தைப் பார்த்தே பிரித்தேன். விண்கலம் தெரிந்தால் ஒரு பெட்டியிலும் ரோபோ தெரிந்தால் இன்னொரு பெட்டியிலும் போட்டேன். ஒரே மாதத்தில் எல்லாம் குழம்பிவிட்டது, ஏனெனில் பாதிப் படங்களில் இரண்டுமே இருந்தன.

ஆகவே, அட்டையை விட்டுவிட்டுக் கதையின் கேள்வியைத் தேடுங்கள். நாம் வாழும் உலகில் எந்த ஒன்றை மாற்றியதால் இந்தக் கதை பிறந்தது என்பதை, ‘நடந்தால்?’ என்று முடியும் ஒரே வாக்கியமாகத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்த மாற்றத்தை எடுத்துவிட்டுக் கதை நிற்கிறதா என்று பாருங்கள். 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் விண்கலங்களுக்குப் பதிலாகப் பாய்மரக் கப்பல்களை வைத்தாலும் இளவரசியை மீட்கும் கதை பெரும்பாலும் அப்படியே நிற்கும். எனவே அதை விண்வெளி வீரகதை என்று தனியே வைக்கிறேன். 1968-இல் வந்த ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யிலிருந்து விண்வெளியை எடுத்துவிட்டால் படமே இல்லை, அது விண்வெளிப் பயண வகை.

காலத்தோடு விளையாடும் படங்கள் தமிழில் நன்றாக வாய்த்திருக்கின்றன. இவற்றைக் குறைந்தது இரண்டாகப் பிரிப்பது நல்லது. எதிர்காலத்திலிருந்து வந்த இயந்திரம் கையில் கிடைக்கும் ‘இன்று நேற்று நாளை’ (2015), ஒரு விஞ்ஞானி உருவாக்கிய கைக்கடிகாரத்தால் நேரத்தைத் திருப்பும் ‘24’ (2016) ஆகியவை காலப் பயணங்கள். ‘மாநாடு’ (2021) படத்தின் நாயகன் ஒவ்வொரு முறை இறக்கும்போதும் அதே விமானத்தில் கண்விழிக்கிறான். அவன் எங்கும் பயணம் போகவில்லை. ஒரே நாளுக்குள் சிக்கியிருக்கிறான். அது காலச் சுழல். ‘24’ படத்தின் கடிகாரம் மந்திரம் அல்லவா என்று ஒரு மாணவி கேட்டாள். அதை ஒருவர் ஆராய்ந்து செய்ததாகப் படமே சொல்வதால் இங்கே வைக்கிறோம்; வரத்தாலோ சாபத்தாலோ நடப்பவற்றை மாயக்கதைப் பெட்டிக்கு அனுப்பிவிடுங்கள்.

மனிதன் ஆக்கிய அறிவைப் பற்றிய பெட்டியில் ‘எந்திரன்’ (2010) தயக்கமின்றி அமரும்: செய்த இயந்திரத்துக்கு ஆசையும் பொறாமையும் வந்தால்? ‘தி டெர்மினேட்டர்’ (1984) தான் சிக்கல் தரும், ஏனெனில் 2029-இலிருந்து கொலைகார இயந்திரம் ஒன்று பின்னோக்கி அனுப்பப்படுகிறது. அங்கே காலப் பயணம் அந்த இயந்திரம் வந்து சேரும் வழி மட்டுமே. அச்சம் முழுவதும் இயந்திரத்தைப் பற்றியது. எனவே ஆக்கிய அறிவு முதல் வகை, காலம் இரண்டாம் வகை. இத்தகைய படங்களுக்கு இரண்டாவது சீட்டு ஒன்றை ஒட்டுங்கள். மூன்றாவது சீட்டு வேண்டாம், அதற்குமேல் பிரிப்பதில் பயனில்லை.

வேற்றுலகத்தாரைச் சந்திக்கும் கதைகள் எங்களுக்கு மிக நெருக்கமானவை. இசையறியாத வேற்றுலகத்தார் ஒரு பாடகியைக் கடத்திச் செல்லும் ‘கலை அரசி’ 1963-லேயே தமிழில் வந்துவிட்டது. நீல் புளோம்காம்ப் இயக்கிய ‘டிஸ்ட்ரிக்ட் 9’ (2009) ஜோகன்னஸ்பர்க்கின் மேல் வந்து நின்றுவிட்ட கலத்தின் கதை. அதில் ஓர் அதிகாரி வேற்றுலகத்தார் வசிக்கும் குடிசைகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், வெளியேற்றும் தாளில் கையெழுத்து வாங்குகிறார். அந்தக் காட்சியில் எங்களோடு பார்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தின்கீழ், டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து அவர் குடும்பம் அகற்றப்பட்டபோது அவர் சிறுவர். “எங்கள் வாசலுக்கும் இப்படித்தான் ஒரு தாள் வந்தது” என்றார். அப்படியானால் இதைச் சமுதாயக் கதைகளோடு வைக்க வேண்டும் என்று மாணவர்கள் வாதிட்டார்கள். அந்த அதிகாரியின் கை வேற்றுலகத்தாரின் கையாக மாறுவதுதான் கதையின் திருப்பம், அவர்கள் இல்லாமல் அது நடக்காது என்பதால், நான் சந்திப்பு வகையை முதலாவதாகவும் சமுதாயத்தை இரண்டாவதாகவும் எழுதினேன். அந்த இரண்டாம் சீட்டைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

தொலைக்காட்சித் தொடர்களைத் தொடரின் அடிப்படை ஏற்பாட்டைக் கொண்டு பிரியுங்கள். 1966-இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் குழுவினர் எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் அது விண்வெளிப் பயணத் தொடரே. ஒரு பகுதியில் ரோபோ வந்ததற்காக இடம் மாற்ற வேண்டாம். ‘பிளாக் மிரர்’ போல ஒவ்வொரு பகுதியும் தனிக்கதையாக இருந்தால் மட்டும் பகுதிவாரியாகக் குறிப்பட்டை எழுதுங்கள். வேலை கூடும்தான், ஆனால் தேடுபவருக்கு அதுவே உதவும்.

வயது வரம்பை வகையோடு கலக்காமல், 13, 16, 18 என்னும் எண்களை குறிப்பட்டையின் மூலையில் தனியே குறியுங்கள். முதலில் எழுதிய ‘நடந்தால்?’ வாக்கியத்தைக் குறிப்பட்டையின் பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள். அடுத்துப் பார்ப்பவர் அதை அழித்துத் தம் வாக்கியத்தை எழுத நினைத்தால், இருவரும் ஒருமுறை சேர்ந்து படத்தைப் பார்த்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.