எழுமாற்றுச் சமிக்ஞையைப் பகுத்தாயும் முறை

ஒரு தடையியின் முனைகளில் எழும் வெப்ப இரைச்சல், அதாவது வெப்பத்தால் இலத்திரன்கள் அசைவதால் உண்டாகும் எழுமாறான மின்னழுத்தம், அடுத்த கணத்தில் எவ்வளவாக இருக்கும் என்று எவராலும் கூற முடியாது. ஆயினும் அதன் மாறற்றிறனை, அதாவது சராசரியிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கங்களின் சராசரியை, துல்லியமாகக் கூறலாம். யாழ்ப்பாணத்து அறையொன்றின் 27 பாகை செல்சியஸில், அதாவது 300 கெல்வினில், 1 மெகாஓம் தடையி 400 ஹேர்ட்ஸ் பட்டையகலத்தில் (அளக்கும் மீடிறன் வீச்சில்) ஏறத்தாழ 2.6 மைக்ரோவோல்ற்று இடை வர்க்க மூலப் பெறுமானம், அதாவது மாறற்றிறனின் வர்க்கமூலம், தரும். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இந்த நுண்ணிய மின்னழுத்தத்தைப் பெரிதாக்கும் விரியலாக்கிக்குப் பின் 400 ஹேர்ட்ஸிற்கு மேற்பட்டவற்றைத் தடுக்கும் வடியை இட்டு, செக்கனுக்கு 1000 மாதிரிகள் வீதம் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பதிவை ஆறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் இடையையும் (சராசரியையும்) மாறற்றிறனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவை குறிப்பிடத்தக்க அளவு விலகினால் மேலே செல்லாதீர்கள். தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றின் வேகத்தையும் வடக்கிலிருந்து வீசும் வாடைக் காற்றின் வேகத்தையும் ஒரே கோப்பில் ஒட்டி இடை கண்டால், கிடைப்பது இரண்டில் எதற்கும் உரியதாகாது. பலரும் தவறவிடும் படி இதுவே.

அடுத்து, இடையைக் கழித்துவிட்டுத் தன்னொட்டுறவைக் கணியுங்கள்: பதிவை அதன் நகர்த்திய பிரதியால் பெருக்கிச் சராசரி காண்பதே அது. தூய இரைச்சலாயின் அது சில மாதிரிகளுக்குள் பூச்சியத்தை அண்மிக்கும். மாறாக, ஒவ்வொரு 20 மாதிரிகளுக்கும் ஒருமுறை அது மீண்டும் உயர்ந்தால், சுவரிலுள்ள 230 வோல்ற்று மின்வழியின் 50 ஹேர்ட்ஸ் உள்ளே கசிந்திருக்கிறது.

எந்த மீடிறனில் எவ்வளவு வலு உள்ளது எனக் காட்டும் வலுத் திருசியத்தைக் காண, முழுப் பதிவுக்கும் ஒரே தடவையில் பூரியர் மாற்றம் செய்வது போதாது. அவ்வாறு பெறும் ஒவ்வொரு புள்ளியின் நியம விலகலும் அதன் பெறுமானத்திற்கே ஏறத்தாழச் சமமாகும். பதிவை எவ்வளவு நீட்டினாலும் அது குறையாது. 1967இல் வெல்ச் முன்வைத்த முறையைப் பின்பற்றி, 1000 மாதிரிகள் கொண்ட 60 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும், அதன் இரு அந்தங்களையும் பூச்சியத்தை நோக்கித் தாழ்த்தும் சாளரச் சார்பால் பெருக்கி, வலுக்களைச் சராசரியாக்கினால், விலகல் 13 சதவீதமளவுக்கு இறங்கும். விலையாக, ஒரு ஹேர்ட்ஸிலும் நெருக்கமான மீடிறன்களைப் பிரித்தறிய முடியாது போகும்.

இறுதியாக, 50 ஹேர்ட்ஸ் உச்சியை நீக்கிவிட்டு, திருசிய வளையியின் கீழுள்ள பரப்பைக் காணுங்கள். எஞ்சிய மாறற்றிறன் அதுவே. விரியலாக்கியின் உள்ளீட்டைக் குறுக்கிணைத்து, அதன் சொந்த இரைச்சலை மட்டும் எடுத்த இரண்டாம் பதிவின் மாறற்றிறனை அதிலிருந்து கழியுங்கள். மின்னழுத்தங்களைக் கழிக்கலாகாது, ஏனெனில் ஒன்றையொன்று சாராத இரைச்சல்களில் கூடுவன மாறற்றிறன்களே. வர்க்கமூலத்தை விரியலாக்கத்தால் வகுக்கையில் 2.6 மைக்ரோவோல்ற்றுக்கு அண்மையில் வராவிடில், சாளரம் குறைத்த வலுவுக்கான திருத்தத்தையும், நேர் மீடிறன்களை மட்டும் காட்டும் ஒருபக்கத் திருசியத்துக்குரிய இரண்டு என்னும் காரணியையும் முதலில் சரிபாருங்கள்.