வானத்தில் மர்ம வெளிச்சமா? பலரும் செய்யும் தவறுகள்

2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக் எல்லையில் காவல் நின்ற நம் ராணுவத்தினர் ஓர் ஏரிக்கு மேலே மர்ம வெளிச்சங்களை 329 முறை பார்த்ததாகக் குறித்து வைத்தார்கள். அதில் 155 முறை அவை எல்லைக் கோட்டைத் தாண்டி வந்ததாகவும் பதிவு. சீனாவின் உளவு ட்ரோன்கள் என்றுதான் சந்தேகம். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் ஆராய்ந்து பார்த்தால், ஒன்று வியாழன் கிரகம், இன்னொன்று வெள்ளி கிரகம்! மாலையில் எழுந்து இரவு முழுக்க நின்றது வியாழன்; விடிகாலையில் வந்தது வெள்ளி.

காவல் காப்பதே வேலையாக இருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், மொட்டைமாடியில் நிற்கும் நாம் எம்மாத்திரம்?

பெரிய தவறு, "நகர்ந்ததே, என் கண்ணால் பார்த்தேனே" என்று சாதிப்பது. இருட்டில் ஒற்றை ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால், நின்ற இடத்திலேயே அது ஊர்வதுபோலத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் எதுவும் இல்லாததால் வரும் மயக்கம் இது. மேகம் ஓடினாலும் அப்படித்தான். பைக்கில் போனால் கூடவே துரத்தும். அசையாமல் நின்று, தண்ணீர்த் தொட்டியின் விளிம்புக்கு நேராக அந்தப் புள்ளியை வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். கிரகமாக இருந்தால், மற்ற நட்சத்திரங்களோடு சேர்ந்து மேற்கே சுமார் இரண்டரை டிகிரி சரிந்திருக்கும், அவ்வளவுதான். மறுநாள் அதே நேரத்தில் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

"நட்சத்திரம் இவ்வளவு பளிச்சென்று இருக்காது" என்பதும் அடிக்கடி காதில் விழும். இருக்காதுதான். ஒளியின் உச்சத்தில் இருக்கும் வெள்ளி, இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல் ஒளிரும். அடிவானத்துக்கு அருகே காற்றின் அலைக்கழிப்பில் சிவப்பும் பச்சையுமாக மினுங்கவும் செய்யும். ஆனால் சூரியனைவிட்டு 47 டிகிரிக்கு மேல் அது விலகாது. அதனால் நம் ஊரில் நடுநிசியில் தலைக்கு மேலே நிற்பது வெள்ளி அல்ல. வியாழனா என்று பாருங்கள்.

போனில் ஜூம் செய்து எடுத்த படத்தை ஆதாரமாகக் காட்டாதீர்கள். ஃபோகஸ் தவறினால் எந்தப் புள்ளியும் தட்டாகத்தான் விரியும். அதற்குப் பதில் நேரம், திசை, அடிவானத்திலிருந்து உயரம் மூன்றையும் குறித்துக்கொண்டால், ஸ்டெல்லேரியம் போன்ற செயலியே பெயரைச் சொல்லிவிடும்.

"பைலட்டே பார்த்தாராம்" என்பதற்கும் மயங்க வேண்டாம். 2011 ஜனவரியில் டொராண்டோவிலிருந்து சூரிச் போன ஏர் கனடா விமானத்தில், தூங்கி எழுந்த துணை விமானி வெள்ளியை எதிரே வரும் விமானம் என்று நினைத்தார். நிஜ விமானம் 1000 அடி கீழே வந்துகொண்டிருந்தது. குழப்பம் தீராத நிலையில் அதைப் பார்த்தவர், மேலிருந்து மோத வருகிறது என்று பதறி விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளிவிட்டார். 16 பேருக்குக் காயம்.