இரண்டாவது கரி கிரில்: எந்த அளவு வாங்குவது?

தோட்டத்தில் ஒரு கரி கிரில் ஏற்கெனவே இருக்கிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் இன்னொன்று வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. இந்த நிலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் "இதைவிடப் பெரியது எது?" என்றுதான் தேடத் தொடங்குகிறார்கள். என் கருத்து நேர்மாறானது. முதல் கிரில் நடுத்தர அளவில் இருந்தால், இரண்டாவது அதைவிடச் சிறியதாக இருப்பதே பல வீடுகளுக்குப் பொருந்தும். உங்கள் வீட்டுக்கும் அது பொருந்துமா என்பதைக் கடைக்குப் போகும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். அளவுநாடா, பழைய செய்தித்தாள், கத்தரிக்கோல் மூன்றும் இருந்தால் போதும்.

தொடங்கும் முன் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். உணவை வைக்கும் மேல் வலையைக் கம்பித்தட்டு என்றும், அதற்குக் கீழே கரி கிடக்கும் சிறிய வலையைக் கரித்தட்டு என்றும் இங்கே சொல்கிறேன். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் அளவு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள்.

படி 1: முதல் கிரில் எங்கே தடுமாறுகிறது என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, கடந்த சில முறை கரி மூட்டியபோது என்ன தொல்லை வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். "இடம் போதவில்லை" என்று பொதுவாக எழுத வேண்டாம். என்ன சமைத்தபோது, எதற்கு இடம் போதவில்லை என்று எழுதுங்கள்.

பதில்கள் பெரும்பாலும் நான்கு வகையில் அடங்கும். இரண்டு பேருக்கு நாலு துண்டு இறைச்சி சுட ஒரு சிம்னி (கரி மூட்டப் பயன்படும் உலோக உருளை) நிறையக் கரி செலவாகிறது என்பது முதல் வகை. ஒரு முழுக் கோழி மூடியின் கீழ் மெதுவாக வெந்துகொண்டிருக்கும்போது காய்கறி வாட்ட இடமில்லை என்பது இரண்டாவது. கூட்டம் வரும் நாளில் இரண்டு, மூன்று சுற்றாகச் சுட வேண்டியிருக்கிறது, முதல் சுற்று ஆறிவிடுகிறது என்பது மூன்றாவது. வெளியே எடுத்துச்செல்ல முடியவில்லை என்பது நான்காவது.

முதல் வகையும் நான்காவது வகையும் சிறிய கிரில்லைத்தான் கேட்கின்றன. இரண்டாவது வகைக்கும் பெரியது தேவையில்லை. துணைக்கு இன்னொரு நெருப்பு இருந்தால் போதும். மூன்றாவது மட்டுமே பெரிய அளவைக் கேட்கிறது. அங்கேயும் ஒரு கேள்வி உண்டு: அந்தக் கூட்டம் வருடத்தில் எத்தனை முறை வருகிறது? இரண்டு முறைதான் என்றால், மற்ற நாளெல்லாம் அந்தப் பெரிய கிரில் மழை உறைக்குள் சும்மா நிற்கும்.

படி 2: இருப்பதை அளந்துகொள்ளுங்கள்

கெட்டில் எனப்படும் மூடியிட்ட வட்டக் கிரில்களை விற்பவர்கள் பாத்திரத்தின் விட்டத்தைத்தான் அளவாகச் சொல்கிறார்கள். பரவலாகக் கிடைப்பவை 37, 47, 57, 67 செ.மீ, அங்குலத்தில் தோராயமாக 14, 18, 22, 26. (இந்த வடிவம் 1952இல் பிறந்தது. சிகாகோ பகுதியில் மிதவைகள் செய்துவந்த ஓர் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், மிதவை உருண்டையை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதியில் கரியைப் போட்டு மேல்பாதியை மூடியாக்கினார். அந்த உருண்டை வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை.)

கம்பித்தட்டு பாத்திரத்துக்குள் அமர்கிறது என்பதால் அதன் விட்டம் சற்றுக் குறைவு. 57 செ.மீ கிரில்லில் அது ஏறத்தாழ 54 செ.மீ. பரப்பைக் கணக்கிட, ஆரத்தை ஆரத்தால் பெருக்கி 3.14ஆல் பெருக்குங்கள். 27 × 27 × 3.14 என்றால் கிட்டத்தட்ட 2,300 சதுர செ.மீ வரும். இதே முறையில் 47 அளவுக்குச் சுமார் 1,500, 37 அளவுக்குச் சுமார் 900, 67 அளவுக்குச் சுமார் 3,200 கிடைக்கும்.

37க்கும் 57க்கும் இடையே விட்டத்தில் வேறுபாடு 20 செ.மீதான். பரப்பிலோ இரண்டரை மடங்கு. விட்டத்தை மட்டும் பார்த்து "கொஞ்சம்தானே சிறியது" என்று நினைத்தால் கணக்கு தப்பிவிடும்.

இப்போது கம்பித்தட்டைத் தூக்கிவிட்டுக் கீழே உள்ள கரித்தட்டை அளந்து பாருங்கள். பாத்திரத்தின் அடி வளைந்து குறுகுவதால் இது இன்னும் சிறியது. 57 செ.மீ கிரில்லில் சுமார் 43 செ.மீ, 47இல் சுமார் 34, 37இல் சுமார் 26 இருக்கும். தணல் நேராகக் கீழே இருக்கும் இடம் இவ்வளவுதான். பரப்பில் பார்த்தால் கம்பித்தட்டில் ஐந்தில் மூன்று பங்கு. மீதி விளிம்புப் பகுதியில் உணவு வேகும்; ஆனால் சிவந்து மொறுமொறுப்பாகாது.

விளம்பரத்தில் "சமைக்கும் பரப்பு" என்று பெரிய எண் ஒன்று போட்டிருப்பார்கள். செவ்வக வடிவக் கிரில்களில் அந்த எண்ணுக்குள் மேலே தொங்கும் சிறிய சூட்டுத் தட்டும் சேர்ந்திருக்கலாம். அங்கே ரொட்டியைச் சூடாக வைத்திருக்கலாமே தவிர இறைச்சி சுட முடியாது. அதைக் கழித்துவிட்டே ஒப்பிடுங்கள். எண் சதுர அங்குலத்தில் இருந்தால் 6.45ஆல் பெருக்கினால் சதுர செ.மீ.

படி 3: செய்தித்தாளை வட்டமாக வெட்டிப் பாருங்கள்

எண்களைவிட இதுதான் தெளிவாகப் புரியவைக்கும். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் கிரில்லின் கம்பித்தட்டு அளவுக்குச் செய்தித்தாளில் ஒரு வட்டம் வெட்டுங்கள். 47 செ.மீ கிரில் என்றால் 44 செ.மீ வட்டம். அதன் நடுவில் கரித்தட்டின் அளவுக்கு, அதாவது 34 செ.மீக்கு, பேனாவால் இன்னொரு வட்டம் வரையுங்கள். ஒரு நூலை மையத்தில் பிடித்து மறுமுனையில் பேனாவைக் கட்டிச் சுற்றினால் வட்டம் சரியாக வந்துவிடும்.

தாளைச் சமையல் மேடையில் விரித்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டு, வழக்கமாகச் சுடும் உணவைச் சுடாமலே அடுக்கிப் பாருங்கள். துண்டுகளுக்கு இடையே ஒரு விரல் இடைவெளி விட வேண்டும். ஒட்டி வைத்தால் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் இறைச்சி சுடப்படாமல் அவிந்துபோகும். இடுக்கியை நுழைத்துப் புரட்டவும் அந்த இடைவெளி வேண்டும்.

தொடையோடு சேர்ந்த ஒரு கோழிக்கால் கிட்டத்தட்ட 18 செ.மீ நீளமும் 12 செ.மீ அகலமும் பிடிக்கும். 34 செ.மீ உள்வட்டத்தில் நான்கு கால்கள் வசதியாக உட்காரும். ஐந்தாவதை நெருக்கித்தான் வைக்க வேண்டும். 37 செ.மீ கிரில்லின் 26 செ.மீ உள்வட்டத்தில் இரண்டு அமரும், மூன்றாவதன் பாதி வெளியே நிற்கும். இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு அது போதும். நாலு பேருக்கு அது போதாது என்பதைக் காசு கொடுக்கும் முன்பே இந்தத் தாள் சொல்லிவிடுகிறது.

படி 4: வட்டத்தை இரண்டாக மடியுங்கள்

தொடக்கத்தில் எல்லோரும் கரியை முழுத் தட்டிலும் பரப்பிவிடுகிறார்கள். பழகிய பிறகு கரியை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கத்தை வெறுமையாக விடத் தொடங்குவார்கள். தணலுக்கு மேலே சிவக்க வைப்பது, காலிப் பக்கத்துக்குத் தள்ளி மூடி போட்டு உள்ளே வேகவைப்பது. கொழுப்பு உருகித் தணலில் சொட்டித் தீ எழும்பினால் உணவை ஒதுக்கி வைக்கவும் அந்தக் காலிப் பக்கம் உதவும்.

ஆக, செய்தித்தாள் வட்டத்தைப் பாதியாக மடித்துப் பாருங்கள். உங்கள் சமையல் அந்தப் பாதிக்குள் அடங்க வேண்டும். 57இல் இது எளிது. 47இல் ஒரு நடுத்தரக் கோழியைக் காலிப் பக்கத்தில் வைத்துச் சமைத்துவிடலாம். 37இல் பெயருக்கு இரண்டு பக்கம் இருந்தாலும், காலிப் பக்கமும் தணலுக்கு மிக அருகில்தான் இருக்கும். கம்பித்தட்டுக்கும் தணலுக்கும் இடையே உயரமும் குறைவு. மெல்லிய இறைச்சி, மீன் துண்டு, காய்கறி, சோளக்கதிர் எல்லாம் அதில் அருமையாக வரும். நீண்ட நேரம் மெதுவாக வேக வேண்டியதை அதில் வைக்க வேண்டாம்.

மெதுவான சமையலுக்குத்தான் இரண்டாவது கிரில் என்று முதல் படியிலேயே முடிவாகியிருந்தால், சிறிய கெட்டில் அதற்கு விடை ஆகாது. முதல் கிரில்லை அந்த வேலைக்கு ஒதுக்கிவிட்டு, விரைவான சமையலைச் சிறியதற்கு மாற்றுங்கள்.

படி 5: மூடியின் உயரம்

சின்ன விஷயம், ஆனால் பலர் பார்ப்பதில்லை. மூடியைப் போட்டபின் கம்பித்தட்டிலிருந்து மூடியின் உச்சி வரை எவ்வளவு உயரம் என்று கேளுங்கள், அல்லது நாடாவால் அளந்து பாருங்கள். முழுக் கோழி தட்டில் கிடக்கும் நிலையில் 12 முதல் 15 செ.மீ வரை உயரும். மேலே சில செ.மீ காற்று சுழல இடம் வேண்டும். மூடியே இல்லாத ஹிபாச்சி வகை அடுப்பில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அது நேரடித் தணலுக்கு மட்டும்.

படி 6: ஒரு முறைக்கு எவ்வளவு கரி?

கரிக்கட்டி எனப்படும் அச்சில் அழுத்திச் செய்த கரியை வைத்துச் சொல்கிறேன். நடுத்தரச் சூட்டில் நேரடியாகச் சுட 57 செ.மீ கிரில்லுக்குச் சுமார் 40 முதல் 50 கட்டிகள் வேண்டும். 47க்குச் சுமார் 30, 37க்கு 15 முதல் 20. பெரிய சிம்னி ஒன்று நிறைந்தால் 80 முதல் 100 கட்டிகள் பிடிக்கும். ஆக, சிறிய கிரில்லில் நாலில் ஒரு பங்கு சிம்னியே ஒரு வேளைச் சமையலை முடித்துவிடும்.

பெரிய பாத்திரத்தில் குறைவான கரியைப் போட்டால் இதே சிக்கனம் வராதா? ஒரு ஓரத்தில் குவித்தால் ஓரளவு வரும். ஆனால் மூடியைப் போட்டதும் அந்தச் சிறு தணல் பெரிய உலோகக் கிண்ணத்தையும் உள்ளே உள்ள காற்றையும் சேர்த்துச் சூடாக்க வேண்டியிருக்கிறது. காற்றடிக்கும் நாளில் சூடு ஏறவே ஏறாது.

சிறியதற்கும் குறை உண்டு. தணல் ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் தளர்ந்துவிடும். கம்பித்தட்டுக்குக் கீல் இல்லாவிட்டால், கரி சேர்ப்பதற்கு உணவோடு தட்டையே தூக்க வேண்டும். சாம்பலும் சீக்கிரம் தேங்கி, காற்று நுழையும் அடித் துளைகளை அடைத்துவிடும். இந்த மூன்றையும் கடையில் நிற்கும்போதே சரிபாருங்கள்: தட்டில் கீல் இருக்கிறதா, சாம்பலைத் தள்ள வழி இருக்கிறதா, அடித் துளையைக் கைபடாமல் திறந்து மூட முடிகிறதா. மூடியையும் துளைகளையும் இறுக்கி மூட முடிந்தால், சமையல் முடிந்ததும் நெருப்பு அணைந்து மீதிக் கரி அடுத்த முறைக்குத் தேறும்.

படி 7: நிற்கும் இடம், எடை

இரண்டு கிரில்களும் ஒரே நேரத்தில் எரியும்போது எங்கே நிற்பீர்கள்? இரண்டுக்கும் நடுவே ஒருவர் திரும்பி நிற்க ஒரு மீட்டராவது வேண்டும். சுவர், மர வேலி, தாழ்ந்த கிளை ஆகியவற்றிலிருந்து 3 மீட்டர் தள்ளி வையுங்கள். குட்டைக் கால் கொண்ட 37 செ.மீ கிரில்லைத் தரையில் வைத்தால் முதுகு வலிக்கும், குழந்தைகளின் கைக்கும் எட்டும். அதற்குச் சூடு தாங்கும் கல் அல்லது உலோக மேடை ஒன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மர மேசையும் பிளாஸ்டிக் மேசையும் கூடாது.

மழை வந்தால் உள்ளே எடுத்துப்போய்விடலாம் என்ற நினைப்பில் சிறியதை வாங்குபவர்கள் உண்டு. கரி எவ்வளவு சிறியதாக எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டுக்குள், கார் நிறுத்தும் அறையில், மூடிய பால்கனியில், கூடாரத்துக்குள் ஒருபோதும் மூட்டக் கூடாது. அணைந்துகொண்டிருக்கும் தணலையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது.

கமாடோ எனப்படும் முட்டை வடிவப் பீங்கான் கிரில்லை யோசிப்பவர்களுக்கு எடை பெரிய விஷயம். 46 செ.மீ அளவு கொண்ட ஒன்று 70 கிலோவைத் தொடும்; 57 செ.மீ உலோகக் கெட்டில் அதில் நாலில் ஒரு பங்குதான் இருக்கும். பீங்கான் சுவர் சூட்டைப் பிடித்துவைப்பதால் கரி குறைவாகவே செலவாகும், மெதுவான சமையலுக்கு அதை மிஞ்ச ஒன்றில்லை. ஆனால் ஒருமுறை சூடு ஏறிவிட்டால் இறக்க நெடுநேரம் பிடிக்கும். அவசரத்துக்கு இரண்டு துண்டு சுடுவதற்காக இதை வாங்குவது வீண்.

படி 8: ஒரே அளவில் இரண்டு வாங்கலாமா?

வாங்கலாம், ஒரு காரணத்துக்காக. கம்பித்தட்டு, கரித்தட்டு, மூடி, மழை உறை எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம். 57 செ.மீ அளவுக்குத்தான் துணைப் பொருட்களும் அதிகம் கிடைக்கின்றன: வார்ப்பிரும்புத் தட்டு, சுழல்கம்பி வளையம், கரிக் கூடை. கூட்டத்துக்குச் சமைப்பது அடிக்கடி நடக்கும் வீட்டில் ஒரே ஒரு 67ஐவிட இரண்டு 57 மேல். பரப்பு இரண்டும் சேர்ந்து 4,600 சதுர செ.மீ ஆகும், ஒன்றில் மீன், மற்றதில் இறைச்சி என்று மணம் கலக்காமல் பிரித்துக்கொள்ளலாம், கூட்டம் இல்லாத நாளில் ஒன்றை மட்டும் மூட்டலாம்.

இனி முடிவுக்கு வரலாம். கையில் இருப்பது 57, தொல்லை கரிச் செலவும் நேரமும் என்றால், ஒன்றிரண்டு பேருக்கு 37, மூன்று நாலு பேருக்கு 47. கையில் இருப்பது 37 அல்லது 47, தொல்லை இடம் என்றால் நேராக 57க்குப் போங்கள். 67 வரை தாவ வேண்டியதில்லை. கையில் 67 இருந்தால், 47தான் அதற்கு நல்ல துணை. இரண்டு அளவுகளுக்கு நடுவே மனம் ஊசலாடினால், செய்தித்தாள் வட்டங்கள் இரண்டையும் கடைக்கு எடுத்துச்செல்லுங்கள். கம்பித்தட்டின்மேல் விரித்து, பேனாவால் வரைந்த உள்வட்டம் அந்தக் கிரில்லின் கரித்தட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சில தயாரிப்புகளில் கரித்தட்டு எதிர்பார்த்ததைவிட இன்னும் குறுகலாக இருக்கும். அப்படி இருந்தால் அதற்கு அடுத்த பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.